கண்ணாடிக்குள் இருக்கிற தம்பி

வார்டில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. காதில் விழாமலும் இல்லை. மனைவி போன பிறகு பதுளையில் ஒற்றை அறையில் இருக்கிறேன். அங்கே பேச ஆள் இல்லை. பேசாத வாயைத் திறந்தால் அதட்டல்தான் வருகிறது. ஆஸ்பத்திரி அட்டென்டனுக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

தீக்காய வார்டுக்கு அந்தக் கண்ணாடி வந்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. முகத்தை மூடும் ஒரு கறுப்புப் பெட்டி. மாட்டிக்கொண்டால் கடலுக்கு அடியில் இருப்பதுபோலத் தெரியும், சுற்றிலும் மீன்கள் போகும். காதுக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும். காயத்தைக் கழுவி மருந்து கட்டும்போது மனசு அந்தப் பக்கம் போனால் வலி பாதியாகிவிடும் என்றார் டாக்டர் மிஸ். அதோடு வந்த குரல் சிங்களத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழ்க் குரல் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். அப்போது வேறு யாரும் கைவசம் இல்லை.

துணி அடுக்கும் அறைக்குள் வைத்துப் பதிந்தார்கள். முதல் தடவை நான் பேசியதைக் கேட்டு, தமிழ் தெரியாத டாக்டர் மிஸ்ஸே சிரித்துவிட்டார். "தேவதாசன், கோபமாகப் பேசுகிறீர்கள். பிடித்தமான ஒருவரோடு பேசுவதுபோலப் பேசுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். உயிரோடு இருப்பவர்களில் அப்படி யாரையும் எனக்கு நினைவு வரவில்லை. மனைவியை நினைத்துக்கொண்டு பேசினேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கருப்பம்மா ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்தார். லயத்து வீட்டு அடுப்பிலிருந்து கொதிதண்ணிப் பானை சரிந்து ஒரு கால் முழுக்க வெந்திருந்தது. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மகன் கொழும்பில். பார்க்க வருகிற நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆள் நிற்கும். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

முதல் நாள் கண்ணாடியை மாட்டிவிட்டேன். குரல் கொஞ்சம் வெளியிலும் கசியும். "வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?" என்றது.

"இருக்கேன் தம்பி. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார் கருப்பம்மா.

மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடப்பார்கள். இவர் மரியாதை தெரிந்தவர். ஒருத்தர் நலம் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவில் மூச்சு விடுவதற்காக இடைவெளி விட்டிருந்தோம். அந்த இடைவெளிகள் அவருக்குப் பேசுவதற்குப் போதுமாக இருந்தன.

"மகன் தீபாவளிக்கும் வரல்ல தம்பி."

"நல்லதும்மா. இன்னும் கொஞ்சந்தான்."

அவர் சிரித்தார். "அதுவுஞ் சரிதான். வந்தா மட்டும் என்னாத்த பண்ணப் போறான்."

மருந்து கட்டும் நர்ஸ் மிஸ்ஸி செத்த தோலை உரித்துக்கொண்டிருந்தார். கால் அசையவே இல்லை.

அது பதிவு செய்த குரல் என்று மிஸ்ஸி தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தார். கருப்பம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொழும்பிலிருந்து போனில் பேசுகிற யாரோ ஒரு தம்பி என்றே வைத்துக்கொண்டார். தினமும் அதையே சொல்கிறதே என்று ஒருநாள் நான் கேட்டேன். "பாவம், எத்தன பேருகிட்ட இதையே சொல்லணும். அலுக்காமச் சொல்றாரு பாருங்க. நீங்களும் இருக்கீங்களே அட்டென்டன் ஐயா. அவரக் கேட்டாச்சும் பேசப் பழகுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. என் குரல்மேல் எனக்கே பொறாமை. அது நான்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கண்ணாடி மாட்டியிருக்கும்போது பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டர் மிஸ்ஸின் கட்டளை. வெளிப் பேச்சு கேட்டால் மனசு வார்டுக்குத் திரும்பிவிடும், வலியும் கூடவே வந்துவிடும். ஒருநாள் காயத்தின் ஆழமான பக்கத்தைக் கழுவும்போது அவர் கேட்டார்:

"தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?"

என்னிடம் அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் போய் வருஷக் கணக்காகிவிட்டது. இன்னும் இல்லைங்க என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். மிஸ்ஸியின் கை காயத்துக்குள் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"மூச்ச மெதுவா வெளிய விடுங்க," என்றது குரல்.

"சாப்பிடாம இருக்காதீங்க," என்றார் அவர்.

கால் ஆறிவந்தது. டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இனிக் கண்ணாடி இல்லை, கட்டளையும் இல்லை. ஆட்டோ வாசலில் நின்றது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

நாற்காலியை நிறுத்தி, முன்னால் போய்க் குனிந்து, அந்தக் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தேன்.

"நல்லா இருக்கீங்களாம்மா? பயப்படாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

கருப்பம்மா என்னை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அவரு மாதிரி பேசிக் காட்டி நக்கல் பண்றீங்களா? என் கஷ்டத்தையெல்லாம் உக்காந்து கேட்ட மனுசன் அவரு. பெத்த புள்ள கேக்கல்ல. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அவர ஒண்ணுஞ் சொல்லாதீங்க."

நான்தான் அது என்று பிடிவாதம் பிடித்திருந்தால், கடைசியில் நம்பியிருப்பார். நம்பினால், கேட்க ஒருத்தர் இருந்தார் என்ற நினைப்பு போய்விடும். அந்த இடத்தில் ஒரு மெஷினும் ஒரு உம்மணாமூஞ்சியும்தான் மிஞ்சும்.

"தப்பா நெனைக்காதீங்க. சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சேன்," என்றேன். பழைய குரலே வந்தது.

ஆட்டோவில் ஏற்றி, காலை மெதுவாகத் தூக்கி வைத்தேன். கோபம் கொஞ்சம் தணிந்ததும் அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தம்பிகிட்ட நான் போயிட்டேன்னு சொல்லிருங்க. தேடுவாரு."

"சொல்றேங்க," என்றேன்.