மேற்கு மேட்டில் புகை

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் பத்துப் பேர். ஓட்டுநர் வென்செஸ்லாவ், அவன் பக்கத்தில் வழிகாட்டி எர்லிந்தா சாயாஷ். பின்னால் முதல் வரிசையில் கோபானிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, ஜன்னலோரம் மனைவி. இரண்டாம் வரிசையில் ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் மூவர். மூன்றாம் வரிசையில் தலைநகரத்துப் பல் மருத்துவரும் அவர் மகளும். கடைசி நீள இருக்கையில் தனியாக, இடது ஜன்னலோரம், செல்மிரா ஒகான்யா. வயது அறுபத்தெட்டு, கெட்சால்தெனாங்கோ தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காதில் கருவி வைத்திருந்தார்.

இதுவரை எழுதிவிட்டு எர்லிந்தா பேனாவை மூடி வைத்தாள். இது மூன்றாவது தாள். முதல் இரண்டும் அடுப்புக்குப் போய்விட்டன. முதலில் யார் யார் இருந்தார்கள், பிறகு எங்கே இருந்தார்கள், பிறகு மணி என்ன: சான் ஹோசே பள்ளிக்கூடத்தில் படிந்த ஒழுங்கு அது, இந்த நாற்பத்து நாலு வயதிலும் போகவில்லை. ஊரில் யாருக்காவது நிலத் தகராறு பற்றியோ, வடக்கே வேலைக்குப் போய்த் தகவலே இல்லாத மகனுக்கோ எழுத வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். மற்றவர்களுக்காக எழுதும்போது அவள் கை ஒரு தடவையும் நின்றதில்லை. இன்று ஒரு பத்தியோடு நின்றுவிட்டது. அடுத்து எழுத வேண்டியது வாசல் நோட்டைப் பற்றி.

யாஷ்கான் இடிபாடுகளின் வாசலில் ஓலைக் கொட்டகை, அதற்குள் ஒரு மேசை, மேசைமேல் அந்த நோட்டு. உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். இரண்டிலும் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். நாலரை மணிக்குக் காவலர் இரண்டு எண்ணையும் ரேடியோவில் சாலைமுனைச் சாவடிக்குச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாவடியில் இருக்கும் நாலு பேரும் லாரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். தூக்குப்படுக்கையும் கயிறும் விளக்குகளும் அந்த லாரியில்தான் இருந்தன.

இரண்டு கையெழுத்தையும் காலையிலேயே போட்டுவிடுவது என்பது ஆறு வருஷப் பழக்கம். அவள் மட்டும் என்றில்லை, எல்லா வழிகாட்டிகளும் அப்படித்தான். காவலர் அபுண்டியோ தெசுகூன் அவளுடைய மூத்த பெண்ணுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. அன்று காலையிலும் நோட்டைத் திருப்பி வைத்து அவர் சொன்னது அதைத்தான்.

"ரெண்டையும் போட்டுடுங்க கொமாத்ரே. சாயங்காலம் நீங்களும் வீட்டுக்குப் பறக்கணும், நானும் பறக்கணும்."

எட்டு, எட்டு. இரண்டு இடத்திலும் பெயரைச் சுழித்துவிட்டு அவள் திரும்பியபோது, செல்மிரா பெட்டிக்கடையில் தூபம் போடும் கொபால் பிசின் வாங்கிக்கொண்டிருந்தார். மக்காச்சோளச் சருகில் சுற்றி வைத்த பொட்டலங்கள். எர்லிந்தா ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"என் வீட்டுக்காரர் கல்லறையில போடறதுக்கு," என்றார் செல்மிரா. "நாப்பது வருஷம் சுருட்டுப் புகையில என் கண்ணைக் கலங்க வச்சார் மகளே. இனிமே என் முறை."

நல்ல வெயில். பெரிய சதுக்கத்தில் மரங்களின் உச்சியிலிருந்து குரங்குகள் உறும ஆரம்பித்தன. தெரியாதவர்கள் கேட்டால் காட்டுக்குள் எருமைக் கூட்டத்தை யாரோ அறுக்கிறார்கள் என்று நினைப்பார்கள். செல்மிரா முகத்தைச் சுளித்துக் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"இந்தச் சங்கீதத்தை மெஷின் வச்சு வேற கேக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எர்லிந்தாவும் சிரித்தாள். கருவி கைப்பைக்குள் போனதைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். மூன்று மணிக்கு, முக்கால் மணி நேரம் நீங்களாகச் சுற்றிப் பாருங்கள், விசில் கேட்டதும் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னபோது, கேட்காத காதுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு விசிலடித்தாள். ஏழு பேர் வந்தார்கள். இன்னொரு முறை அடித்தாள். மூன்றாவது முறை அடிக்க எடுத்தபோதுதான் அந்தக் கைப்பையும் அதற்குள் போன கருவியும் நினைவுக்கு வந்தன. 

ஏழு பேரையும் வண்டிக்கு அனுப்பிவிட்டுத் தேட ஆரம்பித்தாள். பந்தாட்டக் களம், இரட்டைக் கோபுரம், குளத்துப் பாதை. கூப்பிடுவதில் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் வாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. காட்டிலோ பத்தடிக்கு அப்பால் எல்லாமே ஒரே பச்சை. வாசலில் வென்செஸ்லாவ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

நாலு இருபத்தெட்டுக்கு மூச்சு வாங்கக் கொட்டகைக்கு ஓடி வந்தாள். அபுண்டியோ நோட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். ரேடியோ ஒருமுறை கரகரத்தது.

"யாஷ்கான், யாஷ்கான். சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்: இன்னும் இல்லை.

"ஒருத்தர் இன்னும் உள்ள இருக்காங்கன்னு சொல்லலாம் கொமாத்ரே," என்று ரேடியோவைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சொன்னா முதல்ல நோட்டத்தான் கேப்பாங்க. வெளிய எட்டுன்னு உங்க கையெழுத்து இருக்கு, என் முத்திரை இருக்கு. நான் ரிட்டயராக இன்னும் ஏழு மாசம். அந்தம்மா இங்கதான எங்கயோ போட்டோ எடுத்துட்டு நிக்கும். பத்து நிமிஷம். நானும் கூட வரேன்."

"யாஷ்கான், தூங்கறீங்களா?"

அபுண்டியோ கையை எடுத்தார். "உள்ளே எட்டு, வெளியே எட்டு. மூடியாச்சு."

 ரேடியோ அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சாவடிக்காரன் நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருவரும் மேற்குப் பாதையில் போனார்கள். அபுண்டியோ இடப்பக்கம், அவள் வலப்பக்கம். நாலு ஐம்பதுக்குக் காற்று திரும்பி கொபால் வாசனையைக் கொண்டு வந்தது. மேற்கு மேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பலிபீடம் உண்டு. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கெக்சி இனக் குடும்பங்கள் விதைப்புக்கு முன்னாலும் பிள்ளை பிறந்தாலும் பின்வழியாக வந்து அங்கே பிசின் எரித்துக் கும்பிடுவார்கள். அவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அவர்கள் கும்பிடும்போது இந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே கால் வைப்பதில்லை. சுற்றுலாக்காரர்களைக்கூட எர்லிந்தா எத்தனையோ தடவை தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறாள். அபுண்டியோ நின்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சாமி கும்பிடறாங்க. அந்தம்மா அங்க போயிருந்தா அவங்களே கொண்டாந்து விட்டிருப்பாங்க. இந்தப் பக்கம் பாப்போம்."

இருவரும் அடிச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தார்கள்.

ஐந்து இருபதுக்கு அவள் வண்டியருகே வந்தபோது ஸ்பெயின் பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பல் மருத்துவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"என்னம்மா, எங்களையும் இங்கயே குடிவைக்கப் போறீங்களா?"

"சும்மா இருங்க அப்பா," என்றாள் மகள்.

வென்செஸ்லாவ் இறங்கி வந்தான். "எர்லிக்கா, ஹாரன் அடிச்சு அடிச்சு பேட்டரி செத்துடும் போல. காது கேக்காதவங்களுக்கு எதுக்கு அடிக்கறேன்னு எனக்கே புரியல. மேற்கால புகை வருதே, அங்க பாத்தீங்களா?"

"அங்க கும்பிடறாங்கடா."

"யாரு கும்பிடறாங்க?" என்றான். "ஓடைப் பாலம் ஞாயித்துக்கிழமை மழையில அடிச்சிட்டுப் போச்சே. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கோழிகூட இப்ப வர முடியாது."

அவள் மூக்கில் காலையில் முகர்ந்த பொட்டலம் வந்து உட்கார்ந்தது. ஓடினாள். எப்படி ஓடினாள், எதில் முட்டினாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. முழங்காலில் இன்னமும் காய்ந்துகொண்டிருக்கும் காயம்தான் அதற்குச் சாட்சி.

மேட்டுக்குப் பின்னால், பலிபீடத்திலிருந்து இருபது எட்டு வைக்கும் தூரத்தில், திருடர்கள் எந்தக் காலத்திலோ தோண்டிப் போட்ட பள்ளம். இலைகள் மூடியிருந்தன. அதற்குள் செல்மிரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது, எலும்பு வெளியே தெரிந்தது. முன்னால் சருகின்மேல் கடைசிப் பிசின் கட்டி எரிந்துகொண்டிருந்தது. முகம் சுவர்ச் சுண்ணாம்பின் நிறத்தில் இருந்தது.

"நானும் ஒரு மணி நேரமா புகை போடறேன்," என்றார், தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவதுபோல மிக உரக்க. "விழுந்ததுல மெஷினும் உடைஞ்சு போச்சு, கத்தினா யாராவது பதில் சொல்றாங்களான்னு எனக்குக் கேக்காது. அதான் புகை போட்டேன். உங்க ஊர்ல யாருக்கும் மூக்கு இல்லையா மகளே?"

லாரியும் தூக்குப்படுக்கையும் வீடுகளிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டு வந்து சேர இரண்டேகால் மணி நேரமாயிற்று. காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் சீழ் பிடித்துவிட்டது, பழையபடி ஊன்ற முடியுமா என்று சொல்ல முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் வட்டார அலுவலகத்திலிருந்து இருவருக்கும் தனித்தனியே தாள் வந்தது. நடந்ததை அவரவர் கையால் எழுதி ஒட்டிய உறையில் தர வேண்டும். அடியில் ஒரு வரி: ஒரு மணி நேரம் புகை எழுப்பியும் யாரும் வரவில்லை என்று பயணி சொல்கிறார், காரணம் எழுதுக.

வாசனை வந்தும் பாதி வழியில் திரும்பியது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதைப் பற்றித்தான் நேற்று அபுண்டியோ அவள் வீட்டு வாசலில் நின்றபடி சொன்னார். அவர் உட்கார மாட்டேன் என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அந்தம்மா சொல்லச் சொல்லக் கேக்காம போச்சுன்னு எழுதுங்க. கையெழுத்து சாயங்காலம் போட்டதுன்னு எழுதுங்க, அவசரத்துல எண்ணாமப் போட்டுட்டேன்னு. நானும் அதையே எழுதறேன். புகையே எங்களுக்குத் தெரியல, காத்து அந்தப் பக்கம். உங்க வழிகாட்டி அட்டையும் பிழைக்கும், என் ஏழு மாசமும் பிழைக்கும். பொய்யால யார் காலும் சரியாகாதுதான். நிஜத்தால மட்டும் ஆயிடுமா கொமாத்ரே?"

 அவருடைய மனைவிக்கு சர்க்கரை மருந்து எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானத்தில் அவள் பெண்ணைத் தண்ணீரில் ஏந்திய கை அது. அந்தக் கைதான் ரேடியோவைப் பொத்தியது. பொத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்ற கண் யாருடையது?

அக்கரை அலுவலகத்துக்குப் போகும் எட்டு மணிப் படகுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பேனாவைத் திறந்தாள். எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான், கை அந்த வழியிலேயே போயிற்று.

நாலரை மணிக்குக் கொட்டகையில் இருந்தவர்கள் இரண்டு பேர். காவலர் அபுண்டியோ தெசுகூன் மேசைக்குப் பின்னால் நின்றார். நான் மேசைக்கு முன்னால் நின்றேன், ரேடியோ என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளியேறும் கட்டத்தில் இருந்த என் கையெழுத்து காலை எட்டே முக்காலுக்கு நான் போட்டது.

நாலு ஐம்பதுக்கு மேற்குப் பாதையில் இருந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் புகை வாசனை வந்தது. யாரோ கும்பிடுகிறார்கள் என்று நினைத்தோம். அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பி வந்தோம்.

அதற்குமேல் எழுத அவளிடம் ஒன்றுமில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்று பார்த்தாள்; அதற்கென்று ஓர் இடம் அவள் படித்த ஒழுங்கில் இல்லை. தேதியைப் போட்டு, கையெழுத்தைப் போட்டு, தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். உள்ளங்கையால் நீளவாக்கில் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள்.

படகுத்துறையில் அபுண்டியோ காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. இரண்டு கடிதத்தையும் ஏரிக்கு அக்கரையில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் என்று முன்பே பேச்சு. எர்லிந்தாவுக்கு பத்து மணிக்கு வேறொரு வண்டி இருந்தது, அட்டை இருக்கும் வரைக்கும்.

அவர் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எடை போடுவதுபோலக் கையில் வைத்திருந்தார்.

"என் பேர் இருக்கா?"

"இருந்தவங்க பேரெல்லாம் இருக்கு கொம்பாத்ரே."

படகுக்காரன் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினான். அபுண்டியோ ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய உறையைத் தன்னுடையதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, முன்வரிசையில், தண்ணீர் தெறிக்கும் பக்கம் உட்கார்ந்தார். அங்கேதான் இடம் இருந்தது.

படகு துறையை விட்டுத் திரும்பி அலையில் ஏறியது. முதல் தெறிப்பு அவர் சட்டையை நனைத்தது. அவர் தொப்பியைக் கழற்றி இரண்டு உறைகளையும் அதற்குள் வைத்து, தொப்பியின் வாயை மற்றொரு கையால் மூடி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கரை வெயிலில் படகு ஒரு புள்ளியாகும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை இறங்கவே இல்லை.