மா பியூவின் வளைகாப்பு

வால்ரஸுக்கு வளைகாப்பு செய்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ரங்கூனில் நாங்கள் செய்தோம். அதற்கு முழுக் காரணம் என் ஓட்டை வாய்தான்.

என் பெயர் தனசேகரன். மீன்காட்சி சாலையில் இரண்டு வால்ரஸ்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஐஸ் கிடங்கில் இருந்தேன். இவன் குளிர் தாங்குவான், மெஷினைப் பழுது பார்ப்பான், உறைந்த கானாங்கெளுத்தியைப் பெட்டி பெட்டியாகத் தூக்குவான் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் மூடிப்போன ஏதோ ஒரு பூங்காவிலிருந்து எங்கள் முதலாளி இந்த ஜோடியைக் கொண்டுவந்தார். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே பன்னிரண்டு டிகிரி தண்ணீர். கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது. ஜெனரேட்டர் மூச்சை விட்டால் நான் ஓட வேண்டும். இத்தனையும் பட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், "என்ன தம்பி, ஒங்க கடல்பசு எப்படி இருக்கு?" என்பார்கள். கடல்பசு வேறு, வால்ரஸ் வேறு என்று எட்டு வருஷமாகத் தொண்டை வறளச் சொல்கிறேன். ஒருத்தராவது காதில் வாங்கினால்தானே!

ஆணுக்குப் பெயர் கோ ஜீ. பெண்ணுக்கு மா பியூ. இதுகளுக்குக் குட்டி பிறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆணுக்கு வருஷத்தில் மூன்று நாலு மாதம்தான் ஆசை வரும். அதுவும் குளிர்காலம் வந்துவிட்டது என்று அவன் உடம்பு நம்ப வேண்டும். ரங்கூனில் குளிர்காலத்துக்கு நான் எங்கே போவேன்? விளக்கைக் கூட்டிக் குறைத்து, பகலைச் சுருக்கி, இருட்டை நீட்டி, ஐந்து வருஷம் அவனை ஏமாற்றப் பார்த்தேன். அவனுக்கு மனசு வந்தால் அவளுக்கு வராது. அவளுக்கு வந்தால் துரை குறட்டை விடுவார். ஒரு வருஷம் ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்றே வந்தது. நாள் போகப் போகத்தான் அது பொய்க் கர்ப்பம் என்று தெரிந்தது. அன்றைக்குக் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் சொல்லவில்லை.

இந்தத் தடவை ஸ்கேன் திரையில் குட்டியின் இதயம் துடித்ததை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் மிருக வைத்தியர் டாக்டர் ருக்சார் விரலை வைத்துக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனதும் பவானியிடம் கொட்டிவிட்டேன்.

பவானி என் மனைவி. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை, புத்தர் பகோடாவையும் விடவில்லை. இப்போது அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை. மா பியூவின் செய்தியை அவள் கோயில் மாதர் சங்கத்துத் தலைவி மங்கலம் அக்காவிடம் சொன்னாள். அடுத்த வாரமே மங்கலம் அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"எத்தனையாவது மாசம் தம்பி?"

"பதினொன்னு."

"பதினொன்னா! என்னப்பா சொல்ற?"

"அது பதினஞ்சு மாசம் சுமக்கும் அக்கா."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப நம்ம கணக்குக்கு ஏழாம் மாசம். பொருத்தமா இருக்கு. வளைகாப்பு போட்டுடுவோம். வாயில்லா ஜீவன், தாய்வீடு இல்லாம வந்து கெடக்கு. நாம செய்யாம யாரு செய்வா?"

"அக்கா, தரையில கெடக்குறதை உறிஞ்சித் திங்கிற ஜாதி அது. வளையல் கிளையல் உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்."

"ஒரு நல்ல காரியம் பேசுறப்ப ஏன்தான் இப்படி வாயை வைக்கிறியோ!"

காட்சி சாலை மானேஜர் கோ தெட் தடுப்பார் என்று நம்பினேன். அவர் கைகொட்டிச் சிரித்தார். வீடியோ எடுத்துப் போட்டால் கூட்டம் அள்ளும் என்றார். சரி, கிழிந்தது போ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நான் ஒற்றைக் காலில் நின்றிருந்தால் நிறுத்தியிருக்கலாம். பவானி கேட்டாள்: "எத்தனையோ வளைகாப்புக்குப் போயிருக்கேன். வளையல் போட என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ஓரமா நின்னு சாப்பிட்டுட்டு வந்திருக்கேன். இதுலயாவது நான் முன்னால நிக்கிறேனே." அதோடு நான் தடுப்பதை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பவானியோடு சேர்த்து இருபது பெண்கள் வந்தார்கள். பட்டுப் புடவைக்கு மேலே காட்சி சாலையில் கொடுக்கிற தடித்த குளிர் கோட்டு. மொகல் தெருவில் வாங்கிய கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சோறு. வளையல் தட்டிலேயே இருக்கும், நெற்றியில் சந்தனம் மட்டும் தொட்டு வைப்பார்கள் என்று பேச்சு. நான் மீன் கொடுத்து மா பியூவைக் கரையில் நிறுத்தியிருந்தேன். அவள் தந்தம் இரண்டும் குட்டை; சிமெண்டுச் சுவரில் தேய்த்துத் தேய்த்துப் பாழாக்கியதால் நுனியில் உலோகப் பூண் போட்டிருந்தோம். மீன் எடுக்க நான் வாளிக்குள் குனிந்தேன். நிமிர்ந்தபோது மங்கலம் அக்கா தந்தத்தில் வளையலை மாட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஐந்து, வலது பக்கம் ஆறு. கோ தெட் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! எடுங்க அதை!" என்று நான் கத்தியதும், இருபது பெண்களும் சேர்ந்து குலவை போட்டதும் ஒரே நேரம்.

பாவம், அவள் எங்கே குலவை கேட்டிருக்கிறாள்? மிரண்டு போய்த் தலையை உதறினாள். வளையல்கள் நாலா பக்கமும் பறந்தன. சில கரையில் விழுந்தன, சில தண்ணீரில். அவளும் தண்ணீரில் பாய்ந்து நேரே அடிக்குப் போய், மீசையால் தரையைத் துழாவ ஆரம்பித்தாள்.

ஒருவழியாக அவளை உள்கூண்டுக்கு ஓட்டிக் கதவைச் சாத்தினேன். குளத்தை வடித்தோம். கரையிலும் அடியிலும் தேடி, முழு வளையல் ஏழு, உடைந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்து மூன்று, ஆகப் பத்து சேர்ந்தது. ஒரு பச்சை வளையல் மட்டும் இல்லை. பெண்களை வரிசையாக நிறுத்திக் கேட்டேன். எல்லாரும் கையை விரித்தார்கள். மங்கலம் அக்கா, "எங்களைத் திருடின்னா சொல்ற?" என்று சண்டைக்கு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். ஐந்து வகைச் சோறும் அவர்களோடு போயிற்று.

டாக்டர் ருக்சார் மருந்துப் பெட்டியோடு வந்தார். பர்மிய வழக்கப்படி அவரை மரியாதையாக 'சயாமா' என்றுதான் கூப்பிடுவேன்.

"எக்ஸ்ரே இத்தனை கொழுப்பைத் தாண்டாது தனசேகரன். கண்ணாடியைத் தேட ஸ்கேனை நம்பவும் முடியாது. மயக்க மருந்து குடுத்து, வாய் வழியாக் குழாய் விட்டுத்தான் பார்க்கணும்."

"மயக்கம் குடுத்தா இதுகளுக்கு மூச்சு நின்னுரும்னு நீங்கதானே சொன்னீங்க சயாமா?"

"நின்னாலும் நிக்கும். குட்டி தங்காதுன்னே வச்சுக்கங்க. ஆனா கண்ணாடி குடலுக்கு இறங்கிட்டா ரெண்டு உசுரும் போயிரும். நாலு மணி வரைக்கும் தேடுங்க. கிடைக்கலைன்னா மருந்தைப் போட்டுடுறேன்."

மணி அப்போது ஒன்றரை. வடிகால் ஒவ்வொன்றாகத் திறந்து தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். மீன் செதிலும் சேறும் வந்தன. கரண்ட் போனது, வந்தது, மறுபடியும் போனது. பதினொரு மாதம் நான் காத்த குட்டி, ஒரு கண்ணாடி வளையலுக்குப் போகப் போகிறதே என்று அழுகையும் கெட்ட வார்த்தையுமாக வந்தது. மூன்றே முக்காலுக்கு மெஷின் அறைக்குள் ஓடி, கடைசி வடிகட்டியைத் திறக்கப் பெரிய ஸ்பானரைக் கையில் எடுத்தேன். பின்னாலேயே பவானி வந்தாள்.

"என்னங்க..."

"நீ இன்னும் வீட்டுக்குப் போகலியா? என் பிராணனை வாங்காதே, போ."

அவள் கோட்டுக் கையை மேலே தூக்கினாள். மணிக்கட்டில் பச்சை வளையல்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று கத்தினேன். "ரெண்டு மணி நேரமாச் சாக்கடைக்குள்ள கையை விட்டுட்டுக் கெடக்கேன்! அங்க ஊசியை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க! கல்லு மாதிரி பார்த்துக்கிட்டு நின்னியே!"

"ஊசி போட்டாக் குட்டி போயிரும்னு இப்பத்தாங்க டாக்டர் சொல்லித் தெரிஞ்சுது." வளையலை மறு கையால் பொத்திக்கொண்டாள். "அது என் காலடியில வந்து விழுந்துச்சுங்க. வளைகாப்புக்காரி கையால வளையல் வாங்கிப் போட்டா அடுத்தது அவளுக்குத்தாம்பாங்க. எனக்கு எவ குடுத்தா? இவ குடுத்தா. எடுத்துப் போட்டுக்கிட்டேன். நீங்க எண்ண ஆரம்பிச்சதும் அத்தனை பேரும் நிக்கிறாங்க. நாப்பத்தோரு வயசுல இவளுக்கு ஆசையைப் பாருன்னு சிரிப்பாங்கன்னு..."

"கழட்டு. சீக்கிரம் கழட்டு."

கழற்ற வரவில்லை. சின்ன அளவு. ஈரக் கையில் எப்படியோ ஏறியிருக்கிறது. நான் இழுத்தேன், அவள் இழுத்தாள், கை சிவந்து வீங்கியதுதான் மிச்சம். மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம். பவானி கையைக் கொண்டுபோய் இரும்புக் குழாய்மேல் வைத்தாள்.

"உடைச்சிருங்க. துண்டை எடுத்துட்டுப் போயி, வடிகால்ல கிடைச்சுதுன்னு சொல்லுங்க. யாருக்கும் தெரியாது."

நல்ல யோசனைதான். குட்டியும் பிழைக்கும், அவள் மானமும் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். ஸ்பானரை ஓங்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். ஆஸ்பத்திரிகளில் பரிசோதனைச் சீட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வாள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எனக்கு இருந்த கோபத்துக்கு அந்தக் குழாயையே பிளந்திருப்பேன். வளையலை உடைக்க முடியவில்லை. ஸ்பானரை வீசிவிட்டு வெளியே ஓடினேன்.

"ஊசி வேண்டாம் சயாமா! வளையல் கிடைச்சிருச்சு. நான்தான் எடுத்தேன். காலையில கீழ கெடந்துச்சு, எடுத்து என் பொண்டாட்டி கையில போட்டுட்டேன். பயத்துல சொல்லலை. மெஷின் ரூம்ல நிக்கிறா, போயிப் பாருங்க."

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "பச்சை வளையல்தான். பதினொன்னும் சரியாப் போச்சு," என்று ஊசி மருந்தைக் குப்பைத் தொட்டியில் பீய்ச்சினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோ தெட் என்னை உட்கார விடவில்லை. பர்மியில் அவர் ஏசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. நாள் பூராவும் குளத்தை வடிக்க வைத்தவன், டாக்டரை ஊசி வரைக்கும் கொண்டுபோனவன், இனிமேல் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். "பிரசவத்துக்கு இவர் இல்லாம முடியாது," என்று டாக்டர் வாதாடிப் பார்த்தார். ஆள் கிடைப்பான் என்றார் கோ தெட். வளையலை மாட்ட விட்டுப் படமெடுத்தது யார் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. பேச்சு வளர்ந்தால் பவானியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதனால் விழுங்கிக்கொண்டேன்.

உள்கூண்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டினேன். மா பியூ வந்து மீசையால் உள்ளங்கை முழுக்கத் தடவி மீன் தேடினாள். இன்னும் நாலு மாதம் இருந்தது. குட்டி தலையைக் காட்டும்போது அங்கே வேறு எவனோ நிற்பான். எட்டு வருஷம் உழைத்தவன் நான், பார்க்கப் போகிறவன் அவன்.

ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் வீடு இருக்கிற தன்லியினுக்குப் போகும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பாலம் வரும் வரைக்கும் பவானி அழுதுகொண்டே வந்தாள்.

"திரும்பிப் போயிரலாங்க. நான்தான் எடுத்தேன்னு சொல்லிடுறேன். ஒங்களுக்கு அந்தக் குட்டியைப் பார்க்கணும்ல?"

"பேசாம வா. ஒன்னால பட்டதெல்லாம் போதும்."

"கோபமாங்க?"

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

பஸ் குலுங்கியது. நாலு பேர் எங்கள்மேல் வந்து சாய்ந்தார்கள். பவானி தடுமாறி, வளையல் கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடிக்கப் போனாள்.

"அந்தக் கையால பிடிக்காதேடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என்னைப் பிடிச்சுக்க. எவனாவது இடிச்சு உடைச்சுத் தொலைக்கப் போறான்!"