பெட்டி மூடியில் ஒட்டிய படம்

குழாய் வேலைக்காரனிடம் ஒரு படத்தைக் கொடுத்தால் அவன் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான், திருத்துவான். அந்தக் கெட்ட பழக்கத்தால் என் மகளின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது. விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும், அதனால் தெருப் பிள்ளைகளுக்கு அவள் 'மைக்கூடு'. நாலு அடி ஓடினால் மூச்சு வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். வேலைக்குப் போகிற இடமெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். என் கருவிப் பெட்டிமேல் ராணி மாதிரி உட்கார்ந்து, நான் கேட்காத ஸ்பானரையே எடுத்து நீட்டுவாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறவியிலேயே அவள் இதயம் பாதிதான் வளர்ந்திருந்தது. மூன்றாவது ஆபரேஷனுக்கு முன்னால் பெரிய டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். உடம்பிலிருந்து திரும்புகிற ரத்தம் இதயத்துக்குள் வராமல், ஒரு குழாய் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகுமாம்.

"மோட்டார் இல்லாம எப்படி சார் ஏறும்?"

"அவ மூச்சு இழுக்கிறப்போ அதுவா போகும்ப்பா."

யாரிடம் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டைக் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். ஆஸ்பத்திரி ஃபைலில் வைக்க ஸ்கேல் பிடித்து அழகாக ஒரு நகல் எடுத்தேன். அவர் மறந்துவிட்டதாக நினைத்து, குழாய்க்கு நடுவே வட்டம் போட்டு ஒரு மோட்டாரும் வைத்தேன். ஆபரேஷன் முடிந்து பாப்பாவின் விரல்கள் சிவந்தன. நான் அந்த வட்டத்தை மறந்தே போனேன்.

இருபத்தைந்து வருஷம் ஓடியது. பாப்பா கணக்கு டீச்சரானாள். பிறகு கால் வீங்கியது, வயிற்றில் நீர் கோத்தது. வேறு இதயம் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். பழைய ஆஸ்பத்திரியை மூடிப் பல வருஷமாகிவிட்டது, ரெக்கார்டும் கிடைக்கவில்லை. இதயம் மாற்றப்போகிற டாக்டரம்மா, நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன ஃபைலில் இருந்த என் நகலைக் கையில் எடுத்தார்.

"இந்த வட்டம் என்ன? ஸ்கேன்ல இப்படி எதுவும் இல்லையே."

பாப்பா என் முகத்தைப் பார்த்தாள்.

"அது நான் போட்டதும்மா," என்றேன். "மோட்டார்."

"வேற எதையாவது மாத்தினீங்களா?"

"ஞாபகம் இல்லம்மா."

டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எதை எங்க வெட்டித் தைச்சாங்கனு தெரியாம நெஞ்சைத் திறக்கறது ஆபத்து ஐயா. கொடுக்கறவங்க இதயத்தை எடுக்கும்போதே எவ்வளவு நீளக் குழாயோட எடுக்கணும்னும் நான் சொல்லணும்," என்றார். இரண்டு அங்குலம் குறைந்த குழாயோடு நான் எத்தனை தடவை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கா அது புரியாது.

"அப்பா, பெட்டி மூடியில ஒண்ணு ஒட்டியிருந்தீங்களே," என்றாள் பாப்பா.

டேப்பைப் பிய்த்தால் சீட்டு கிழியும். பெட்டியையே தூக்கிக்கொண்டு போய், கிரீஸ் நாற்றத்தோடு டாக்டரம்மா மேஜைமேல் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். இடப்பக்கம் கூடுதலாக ஒரு ரத்தக்குழாய், அதன்மேல் இரண்டு சின்னக் கோடுகள். முந்தின ஆபரேஷனில் அதைக் கட்டி அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். படத்தின் அழகைக் கெடுக்கிறதென்று நகலில் நான் விட்டுவிட்டது அது.

"நல்லவேளை," என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், இதயம் கிடைத்துவிட்டது, உடனே வாருங்கள் என்று போன் வந்தது. பதிமூன்று மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். நான் வெளியே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எதற்குக் கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள்.

நாலாம் நாள் முகக்கவசம் மாட்டி உள்ளே விட்டார்கள். அவள் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கை இவ்வளவு சூடாக இருந்ததில்லை. எந்த வீட்டுப் பிள்ளையின் இதயமோ, அந்த வீட்டை நினைத்து மனசுக்குள் கும்பிட்டேன்.

"அப்பா, அந்த மோட்டார் படம் எங்க?"

"வீட்லதான் கிடக்கு. போனதும் கிழிச்சுப் போடறேன்."

"கிழிக்காதீங்க," என்றாள். குரல் எழும்பவில்லை, ஆனால் சிரித்தாள். "புது இதயத்தோட வலப்பக்கம், நுரையீரலுக்குப் போற வழியில இப்ப நெஜமாவே ஒரு மோட்டார் ஓடுதாம். டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க போட்ட எடத்துலயே."

முகக்கவசத்துக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க வழியில்லை. அப்படியே நின்றேன்.