யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

பர்மிங்காமுக்கு எட்டு ஓட்டு நிச்சயம் என்று காலையில்தான் ரொவீனா விரல்விட்டு எண்ணியிருந்தாள். மதிய விருந்துக்குக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறை இயக்குநர்களை அழைத்துக்கொண்டு அரங்கின் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேசைகள் எல்லாவற்றிலும் இளம்பச்சை விரிப்பு.

அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகளின் ஃபுட்பால் கூட்டமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். ஒவ்வொரு ஜூலையும், சீசன் தொடங்குமுன், எல்லாக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களையும் ஆட்டக்காரர்களையும் நான்கு நாள் பர்மிங்காமின் இந்த ஹோட்டலுக்கு வரவழைத்து நிருபர்கள் முன்னால் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அதில் முதல் விதி, கண்ணில் படும் எதுவும் எந்தக் கல்லூரியின் நிறத்திலும் இருக்கக் கூடாது. மேசை விரிப்பு, பேனா, தேநீர்க் கோப்பை எல்லாமே சாம்பல் நிறம். ஒருமுறை தட்டோரம் ஆரஞ்சுச் சுளை வைத்ததற்கே, அது எதிரணியின் நிறம் என்று ஒரு பயிற்சியாளர் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கூட்டமைப்பின் தலைமைக்குப் புதிதாக வந்த கமிஷனர்தான், ஏன் எப்போதும் ஒரே ஊர், அடுத்த ஜூலை டெக்சாஸ் மாநிலத்து டாலஸில் நடத்தலாமே என்று கிளப்பிவிட்டார். பிப்ரவரியில் ஓட்டெடுப்பு என்று முடிவானது. அது இன்று, இந்த மதிய விருந்து முடிந்ததும். ரொவீனா மாதக்கணக்கில் ஒவ்வொரு கல்லூரி இயக்குநராகக் கூப்பிட்டுப் பேசினாள். பயணத் தூரம், ரசிகர் கூட்டம், பழகிய இடம் என்று காரணங்களை அடுக்கினாள். யாரிடமும் சொல்லாத காரணம் ஆர்லன்.

ஆர்லன் அந்த ஹோட்டலில் விருந்துகளைக் கவனிக்கும் மேலாளர். மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. ரொவீனாவுக்கு விவாகரத்தாகிப் பத்து வருஷம். ஒன்பது ஜூலைகளாக அந்த நான்கு நாளும் காலை ஆறு மணிக்கு, நிருபர்கள் வருமுன், இருவரும் காலி அரங்கில் உட்கார்ந்து முட்டையும் சோளக் கஞ்சியும் சாப்பிடுவார்கள். நாற்காலி எத்தனை என்று தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். மற்ற நாட்களிலும் இருவரும் இதே ஊரில்தான் இருந்தார்கள். ஆனால் கூப்பிட ஒரு சாக்கு வேண்டுமே. நிகழ்ச்சி டாலஸுக்குப் போனால் அந்த நான்கு காலைகளும் போய்விடும்.

இப்போது இந்தப் பச்சை. கூட்டமைப்பில் புதிதாகச் சேர்ந்த இரண்டு கல்லூரிகளில் டெக்சாஸ் கல்லூரியின் நிறம் அச்சு அசலாக அதுதான். அதன் இயக்குநர் விரிப்பைத் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டார். மிசிசிப்பிக்காரர் பக்லி, முப்பது வருஷ இயக்குநர், ரொவீனாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, நேத்து வந்தவங்களுக்கா இந்த உபசாரம்? எங்களுக்கு இத்தனை வருஷமா சாம்பல் துணிதானே போட்டீங்க."

ஹோட்டல்காரர்களின் தவறு என்று அவள் விளக்கினாள். பக்லி பொரித்த கோழியைப் பொறுமையாக மென்று முடித்தார்.

"தப்பாவே இருக்கட்டும். எல்லாரும் பாத்தாச்சே."

டாலஸ் எட்டு, பர்மிங்காம் ஆறு. போட்டோ எடுத்தவரும் டாலஸுக்குத்தான் போட்டார். டாலஸ் ஹோட்டல்களின் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று கமிஷனர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார். ரொவீனா தலையாட்டிவிட்டு நேராகத் துணி அறைக்குப் போனாள்.

ஆர்லன் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவின் உட்பக்கம் அவர் கையெழுத்தில் கல்லூரிகளின் நிறப் பட்டியல்.

"இதுல பன்னெண்டு பேர்தான் இருக்காங்க. இப்ப பதினாலு," என்றாள்.

"அந்த ரெண்டு பேரும் அடுத்த சீசன்லதானே வர்றாங்க?"

"ஆடறதுக்கு அடுத்த சீசன். ஓட்டுப் போட இன்னிக்கே வந்துட்டாங்க. சாம்பல் துணிக்கு என்ன கேடு?"

அவர் மடித்ததைப் பிரித்து, திரும்ப மடித்தார்.

"போன ஜூலைல நீங்கதான் சொன்னீங்க, சாவு வீட்ல சாப்பிடற மாதிரி இருக்குன்னு. அதான் யாருக்கும் சொந்தமில்லாத நிறமா தேடித்தேடி வாங்கினேன். உங்களுக்குப் பிடிக்கும்னு."

ரொவீனாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் பொங்கியது. போகிற போக்கில் சொன்னதை இந்த மனிதர் ஏழு மாதம் மனதில் வைத்திருக்கிறார். ஒரு முறை போனை எடுக்க மட்டும் கை வரவில்லை.

"எனக்குப் பிடிக்கணும்னா ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம். அதை ஏன் பதினாலு பேர் முன்னாடி விரிக்கணும்?"

ஆர்லன் அடுத்த விரிப்பைக் கையில் எடுத்தார்.

"ஜூலைல நான் லீவே எடுத்ததில்ல," என்றார். "இனிமே அந்த வாரம் எனக்கு இங்க வேலை இல்ல. டாலஸ்லயும் நீங்க காலைல ஆறு மணிக்குச் சாப்பிடுவீங்கதானே?"

"ஜூலைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு ஆர்லன். எனக்கு இப்பவே பசிக்குது. விருந்துல ஒரு வாய் இறங்கல."

அவர் துணியைப் போட்டுவிட்டுக் கார் சாவிக்காக ஒவ்வொரு பையாகத் தடவினார். அது மேசைமேல் கண்ணெதிரே கிடந்தது. அதற்கும் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கதவருகே நின்று காத்திருந்தாள்.