எர்மித்தின் கடைசிச் சண்டை

நெற்றியில் எண்ணெய் பூச வந்த பாதிரியாரின் கையை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகக் கிடந்த எர்மித் தட்டிவிட்டாள்.

"பொறுங்க ஃபாதர். சாவு எங்கயும் ஓடாது. முதல்ல என்ட மகள்ட காலைப் பாருங்க," என்றாள் பிரெஞ்சில்.

மருமகன் றொபின்சனும் பார்த்தான். எட்டு மாத வயிற்றோடு கதிரையில் இருந்த அவன் மனைவி மிர்லாந்தின் பாதங்கள் செருப்பை மீறி வீங்கியிருந்தன. தலையிடி என்று அவள் இரண்டு தடவை கிளினிக் போயிருந்தாள். "களைப்புத்தான். உங்கட ஆக்கள் தாங்குவாங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

ஹெய்ட்டியில் பிறந்த எர்மித், கனடாவில் தான் வாழ்ந்த மொன்ட்ரியால்-நோரில் எந்தக் கறுப்புப் பெண் பிரசவத்துக்குப் போனாலும் கூடப்போய்ச் சண்டை பிடிப்பவள். அவளைக் கண்டால் டொக்டர்மார் வேறு வழியால் போவார்கள். தன் வயிற்றுவலியைத்தான் அவளால் யாரையும் நம்பவைக்க முடியவில்லை. கருப்பைப் புற்றை அவர்கள் கண்டுபிடித்தபோது அது ஈரல்வரை போயிருந்தது.

"நோயாளி நீங்கள்தான், மதாம்," என்றாள் தாதி.

"அப்ப இது என்ட கடைசி ஆசை. அவளுக்குப் பிரஷர் பாருங்க."

"மேல பிரசவ வாட்டுலதான் பாக்கலாம்," என்று தாதி வெளியேறப் பார்த்தாள்.

பிரெஞ்சு தெரியாத புஷ்பவதி, றொபின்சனின் தாய், மகனின் சட்டையை இழுத்தாள். "என்ன மனே, சம்மந்தி என்னவாம்?"

"மிர்லாந்துக்குப் பிரஷர் பாக்கட்டாம். இவ மாட்டாவாம்."

புஷ்பவதி எழுந்துபோய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். மட்டக்களப்பு உடம்பு, கதவு முழுதும் மறைந்துபோனது.

பாதிரியார் மணிக்கூட்டைப் பார்த்தார். "பார்த்துவிடு பிள்ளை. எனக்கு இன்னொரு சாவீடும் இருக்கு."

தாதி பிரஷர் பட்டியை மிர்லாந்தின் கையில் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். கழற்றி மற்றக் கையில் சுற்றினாள். பிறகு அவசர மணியை அழுத்தினாள். புஷ்பவதி தானாகவே கதவை விட்டு விலகினாள்.

மிர்லாந்தைத் தள்ளுவண்டியில் கொண்டு ஓடினார்கள். எர்மித் தலையணையில் சாய்ந்து, "இப்ப பூசுங்க, ஃபாதர்," என்றாள்.

பின்னேரம் சத்திரசிகிச்சையில் பெண்குழந்தை பிறந்தது. பச்சைக் காகிதத் தொப்பியோடு றொபின்சன் கீழே ஓடிவந்து சொன்னான்.

"பிரஷர்?"

"இறங்குது, மாமி. இரண்டு பேருக்கும் சுகம்."

"எழுதி வாங்கு. வாயால சொன்னா நம்பாத," என்று சொன்னவள், கொஞ்ச நேரத்தில் புஷ்பவதியின் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மிர்லாந்துக்குச் சொல்ல வேண்டும். றொபின்சன் லிஃப்டில் ஏறினான். உள்ளே பலூனோடு நின்ற ஒருவர் அவனுடைய தொப்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஃபெலிசித்தாசியோன்!" என்று வாழ்த்தினார்.

"மெர்சி," என்றான் றொபின்சன்.

லிஃப்ட் நின்று கதவு திறந்தது. அந்த மனிதர் முதலில் இறங்கி, அவன் வரட்டும் என்று மூடப்போன கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.