மிக்கேல் சம்மனசு கிணறு

தியாகதுருகம் சவரியம்மாள் வருஷா வருஷம் கல்வராயன் மலை அடிவாரத்து மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் கோயில் திருவிழாவுக்குப் போவாள். அந்தக் கோயில் கிணற்றுத் தண்ணீர் தீராத நோயையும் தீர்க்கும் என்பார்கள். கணவன் பழனி இந்து. ஒரு தடவைகூட அவளோடு போனதில்லை, கிண்டல்தான் செய்வான்.

எண்பத்தேழாம் வருஷம் அவனுக்கு வயிறு வீங்கிச் சோறு இறங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஒருநாள் அவனாகவே சொன்னான்.

"என்னையும் இட்டுக்கினு போ. அந்தத் தண்ணி ஒரு வாய் குடிச்சிப் பாக்கறேன்."

இத்தனை வருஷமாக ஜெபத்தில் அவள் கேட்டது அவனும் கூட வர வேண்டும் என்றுதான். கிடைத்த விதம் அவளை அழவைத்தது.

சாலை மறியல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இனித் தள்ளிப்போட முடியாது என்று கொடியேற்றத்தன்று விடியற்காலையில் பஸ் ஏறினார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

பழனியால் நடக்க முடியவில்லை. மறியலில் இருந்த கலையரசன் என்பவர் அவனை நிழலில் படுக்கவைத்து, தான் பார்த்துக்கொள்வதாகவும் அவள் போய்த் தண்ணீர் கொண்டுவரலாம் என்றும் சொன்னார். சவரியம்மாள் தூக்குவாளியோடு நடந்தாள். கொஞ்ச தூரம் ஓடவும் செய்தாள்.

கோயிலில் கொடி ஏறவில்லை. ஜனமே இல்லை. அவளே தண்ணீர் இறைத்துக்கொண்டு திரும்பினாள்.

வந்தபோது பழனியின் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். கலையரசன் எழுந்து நின்றார்.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தாருங்க. வாய்க்கா தண்ணி மொண்டாந்து குடுத்தேன். கோயில் தண்ணியான்னாரு. ஆமான்னுட்டேங்க."

"குடிச்சாரா?"

"குடிச்சாருங்க. இனிமே நல்லாயிடும்னு சொன்னாரு."

அந்த மனிதரைத் திட்டவும் அவளால் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. வாளியை எங்கே வைத்தோம் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டியும் இல்லை, வழியும் இல்லை. கோயில் சாமியாருக்கு ஆள் அனுப்பினார்கள். அவரும் எங்கோ மறியலில் மாட்டிக்கொண்டிருந்தார். மரம் வெட்டியவர்களே ஓடையோரம் குழி தோண்டினார்கள். எந்த முறைப்படி அடக்கம் செய்வது என்று கலையரசன் கேட்டார். ஜெபம் சொல்ல வாயெடுத்தாள். 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அவர்கள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு மண்ணைத் தள்ளினார்கள்.