கோணல் பைனுக்கு நீலப் பொட்டு

எங்கள் தெற்கு ஜார்ஜியாவில் பைன் காடு வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மரத்தின்மேல் பாசம் மட்டும் உண்டு. அந்தப் பாசத்தோடு மல்லுக்கட்டுவதுதான் ஹாய்ட்டின் பிழைப்பு. எதை வெட்டுவது, எதை விடுவது, எப்போது தீ வைத்துச் சருகை எரிப்பது என்று அவர்கள் காட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். வெட்ட வேண்டிய மரத்துக்கு நெஞ்சுயரத்தில் ஒரு நீலப் பொட்டு வைப்பார், அடிமரத்தில் இன்னொன்று.

அன்று காலை மிஸ் ஏவிஸின் காட்டில் வெட்டு தொடங்கியிருந்தது. சும்மா எட்டிப்பார்க்கப் போன ஹாய்ட்டுக்கு, குளத்தோரக் கோணல் பைனைக் கண்டதும் பகீரென்றது. நெஞ்சுயரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நீலம். நாலு மரம் தள்ளி எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே ஓடிப்போய் நிறுத்தினார். குனிந்து பார்த்தால் அடிமரத்தில் பொட்டே இல்லை.

ஹாய்ட் நேரே வீட்டுக்குப் போனபோது மிஸ் ஏவிஸ் வாசலில் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். நகமெல்லாம் நீலம். கேட்டதும் மறைக்கவில்லை. செத்துப்போன கணவர் வெல்டன் தினமும் அந்த மரத்தடியில்தான் மதியம் சாப்பிடுவாராம். பொட்டு வைத்த மரத்தை விட்டுவிடுவார்கள் என்று சர்ச்சில் பக்கத்துக் காட்டுக்காரி சொன்னாளாம். அவள் சொன்னதும் பொய்யில்லை. அங்கே விடுகிற மரத்துக்குத்தான் பொட்டு. இங்கே வெட்டுகிற மரத்துக்கு என்று ஹாய்ட் சொன்னதும் மிஸ் ஏவிஸின் முகம் வெளுத்துவிட்டது.

"வெட்டியாச்சா?"

"இல்ல. நிறுத்திட்டேன்."

மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பியது. "கோணல் மரத்தைத்தான் முதல்ல வெட்டணும்னு வருஷம் பூரா நீதானே பாடுற? அப்புறம் உன்னை நம்பி நான் எப்படி சும்மா இருக்கிறது?"

"அதுக்கு நான் பொட்டே வைக்கல, மிஸ் ஏவிஸ். ஒவ்வொரு தடவையும் பெயின்டோட அது முன்னால போய் நிப்பேன். சுத்தி இருக்கிற நல்ல மரத்தையெல்லாம் அது கெடுக்குது. ஆனா நீங்க அங்க போய் உக்கார்றதைப் பாத்திருக்கேன். கை வரல."

மிஸ் ஏவிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் கையாலேயே அதைக் கொன்றிருப்பேனே என்று முணுமுணுத்தார். நீலத்தின்மேல் கறுப்பு அடித்தால் போதும், ஆட்கள் விட்டுவிடுவார்கள் என்று ஹாய்ட் தேற்றினார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? மனசுல இருக்கிறதை வாயைத் திறந்து சொல்லேன்."

ஹாய்ட் தொப்பியைக் கழற்றினார். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், மிஸ் ஏவிஸ்."

"அது ஊருக்கே தெரியும்," என்று உரித்த கடலையை அவர் கையில் கொட்டினார் மிஸ் ஏவிஸ். "நான் மரத்தைச் சொன்னேன்."